பாட்டில் ஏன் ஒழுகியது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்பிய கூந்தல் தைலமும் சீயக்காய் ஷாம்பும் ஒழுகிப் பெட்டியே ஊறிப்போய் வந்ததாகச் சிலர் படம் அனுப்பியிருந்தீர்கள். கூரியரில் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, மூடியைச் சுற்றி இன்னும் நாலு சுற்று டேப் ஒட்டினோம். எண்ணெய் பட்டதும் டேப்பின் பசையே விட்டுப்போனது. தப்பு எங்கள் பக்கம்தான்.

கோவையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேர்வதற்குள் உப்பிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். பயணிகள் விமானம் 35,000 அடியில் பறந்தாலும், சரக்கு அறை உட்பட உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோலத்தான் இருக்கும். 8,000 அடி என்றால் கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கு. பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். பாட்டில் நின்றால் காற்று மட்டும் கசியும். படுத்துவிட்டால் எண்ணெயைத் தள்ளிவிடும்.

விளிம்புவரை நிரப்பினால் என்ன என்று அதையும் செய்து பார்த்தோம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எண்ணெய் சூடேறி விரிந்தபோது போக இடமில்லாமல் மூடிவழியே வந்தது. ஆகவே கொஞ்சம் இடம் விட்டே நிரப்புகிறோம்.

இப்போது பாட்டில் வாயில் அலுமினியத் தாள் சீல் வைக்கிறோம். வாயில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் சீல் சரியாக ஒட்டாது என்பதால், துடைப்பதற்கென்றே ஓர் ஆள். மூடிக்குள் இருக்கும் மெத்து அட்டை ராத்திரியில் அமுங்கிவிடுவதால், மறுநாள் எல்லா மூடியையும் இன்னொரு முறை திருகுகிறோம். ஷாம்பு பம்பு தனிப் பையில் வரும். நீங்கள்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு இயந்திரம் வாங்கும் வசதி இல்லை. ஊட்டி இருக்கிறதே! சுமார் 7,350 அடி. ஒவ்வொரு தயாரிப்பிலும் நாலு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, படுக்கவைத்து எங்கள் வேனில் ஏற்றிவிடுகிறோம். தாளில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் அந்தச் சரக்கு விமானம் ஏறாது.

பாட்டில் லேசாக ஒடுங்கி வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே சரக்கு கெடவில்லை. நிமிர்த்தி வைத்துச் சீலைப் பிரியுங்கள். பிரித்த பாட்டிலை ஊருக்கு எடுத்துப் போவதானால், லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, வாயில் பாலிதீன் துண்டு வைத்து மூடி, ஜிப் கவரில் போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் பொதுவாக 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலை விடமாட்டார்கள்.

ஏற்கெனவே ஒழுகிய பாட்டில்களுக்கு மாற்றுப் பாட்டில் அனுப்புகிறோம். ஆர்டர் எண்ணும் படமும் போதும். எண்ணெய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து உங்கள் தைலக் கடை