விருந்துக்கு ஒரு சுட்ட சீஸ்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மருமகள் கருவுற்றிருப்பதை அறிந்து மனம் நிறைந்தது. அந்த மகிழ்ச்சியில் நீ வைக்கப்போகும் விருந்துக்கு, சூடாக நடுவில் வைத்து எல்லோரும் ரொட்டியால் தொட்டுச் சாப்பிடும்படியான ஸ்டார்ட்டர் ஒன்றைக் கேட்டிருந்தாய். எனக்கு உடனே தோன்றியது ஓவனில் சுட்ட கமெம்பேர் சீஸ்தான். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தான் செய்கிறேன்.

பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் பிறந்த இந்தச் சீஸ், பெரும்பாலும் 250 கிராம் எடையுள்ள முழு வட்டமாகவே கிடைக்கும், அப்படியே வாங்கு. இதைப் போன்றே வெண்பூஞ்சை படர்ந்த பிரீ என்னும் சீஸின் வெட்டிய துண்டு வேண்டாம். வெண்பூஞ்சை படர்ந்த மேல்தோல்தான் உருகும் சீஸைத் தாங்கும் பாத்திரம். வெட்டிய பக்கத்தில் அது இல்லாததால் எல்லாம் வழிந்துவிடும். அந்தத் தோலை உண்ணலாம், உரிக்க வேண்டியதில்லை. பூஞ்சை மேலிருந்து உள்நோக்கிப் புளிப்பைக் குறைத்துக்கொண்டே போவதால், சீஸ் ஓரத்தில் முதலிலும் நடுவில் கடைசியிலும் இளகும். நடுவில் அழுத்தினால் விரலுக்கு லேசாக இசைந்துகொடுக்க வேண்டும். கல்போல் இருந்தால் அது சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்த இளஞ்சீஸ், சீராக உருகாது. அம்மோனியா வாடை தூக்கலாக அடித்தால் பருவம் தாண்டிவிட்டது.

உறைத்தாளை நீக்கி, சீஸ் கச்சிதமாக அமரும் சிறு பீங்கான் கிண்ணத்தில் வை. மேல்தோலில் கட்டம் கட்டமாகக் கீறி, மெல்லிய பூண்டுச் சீவல்களையும் தைம் என்னும் நறுமண மூலிகையின் இலைகளையும் செருகி, சிறிது ஆலிவ் எண்ணெயும் மிளகுத்தூளும் சேர். சீஸிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடாதே. முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் போதும். மிகுதியாகச் சுட்டால் புரதம் இறுகிக் கொழுப்புத் தனியே பிரிந்துவிடும்.

உண்மையில் உழைப்பெல்லாம் மேலே இடும் கலவையில்தான் இருக்கிறது. அதில் ஈரம் இருக்கவே கூடாது. நீர் கொழுப்போடு கலக்காமல் மேலே தேங்கி, ருசியை நீர்த்துப்போகச் செய்யும். காளான் என்றால், அகன்ற வாணலியில் நெருக்கமின்றிப் பரப்பி, அது விடும் நீர் முழுவதும் வற்றி, ஓரங்கள் சிவக்கும்வரை பெருந்தீயில் வதக்க வேண்டும். தக்காளியில் வெயிலில் உலர்த்தியது மட்டும்தான் ஏற்றது. என்னைக் கேட்டால், வெங்காயத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. இரண்டு பெரிய வெங்காயங்களை மெல்லியதாக நறுக்கி, வெண்ணெயில் சிறுதீயில் வதக்கத் தொடங்கினால், முதலில் கண்ணாடிபோலாகி, பிறகு பொன்னிறமாகி, கடைசியில் அடர்பழுப்பாகச் சுருண்டு வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகுமே தவிர இனிப்பு இறங்காது. இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் ஊற்று. சீஸின் கொழுப்பு நாவில் திகட்டாமல் இருக்க அந்தப் புளிப்பு அவசியம். இதை முதல்நாளே செய்து வைத்துக்கொள்ளலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் சீஸின்மேல் பரப்பு. வால்நட் சேர்ப்பதென்றாலும் அப்போதுதான், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும்.

ஆறினால் சீஸ் மீண்டும் இறுகும். ஆகவே விருந்தினர் வந்து அமர்ந்தபின் ஓவனில் வை. வறுத்த ரொட்டித் துண்டுகள் முன்பே தயாராக இருக்கட்டும்.

மருமகளுக்கு மட்டும் இதைத் தராதே. மென்மையான வெண்பூஞ்சைச் சீஸில் லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் அதை நடுப்பகுதிவரை ஆவி பறக்கச் சூடாக்கித்தான் உண்ண வேண்டும். உருகியிருந்தால் மட்டும் போதாது. அவளுக்கு அதே வெங்காயத்தை ரொட்டியில் பரப்பி, கெட்டி வகையான செடார் சீஸைத் துருவித் தூவிச் சுட்டுக் கொடு. அவளுக்குப் பிடித்திருந்ததா என்று எழுது.

அன்புடன்,
கௌரி