பயணத்தடையும் ஒரு செத்தவீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் தொற்றுநோய்க் காலப் பயணத்தடைகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வடக்குச் சனம் ஊரடங்கிலேயே வளர்ந்தவர்கள், அதனால் 2021 பயணத்தடை அவர்களுக்குப் பெரிய சுமையாகத் தெரியவில்லை என்று அதில் ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் அச்சாகும் பத்திரிகையில் இப்படி ஒரு வரி வரும் என்று நான் நினைக்கவில்லை. மனம் நொந்துபோனது.

நாங்கள் அடங்கி இருந்தது உண்மைதான். 2020 மார்ச்சில், யாழ்ப்பாணம் அரியாலையில் நடந்த கிறிஸ்தவ ஆராதனையோடு தொடர்புபட்ட, இங்கத்தைய முதல் தொற்றாளர் கண்டறியப்பட்ட பிறகு, பல மாவட்டங்களில் இடைக்கிடை ஊரடங்கைத் தளர்த்தியபோதும் எங்களுக்குத் தளர்த்தவில்லை. தோட்டத்து மரக்கறி சந்தைக்குப் போகாமல் பழுதாகியது. அப்போதும் பொறுத்தோம். வருத்தம் பரவக்கூடாது என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. கட்டுப்பாடு போட்டதை நான் இன்றும் பிழை சொல்லவில்லை.

ஆனால் 2021 ஜூனில், நாடு முழுக்கப் பயணத்தடை இருந்த நேரம், என் அண்ணா திருகோணமலையில் மாரடைப்பால் இறந்தார். கொரோனா இல்லை என்று பார்த்துத்தான் உடலைக் கொடுத்தார்கள். அன்றைய விதிப்படி 24 மணித்தியாலத்துக்குள் கிரியையை முடிக்க வேண்டும். மாகாணம் தாண்டுவதற்கோ முதலில் கிராம அலுவலரின் கடிதம், பிறகு பிரதேச செயலகம், அப்புறம் பொலிஸ் என்றார்கள். ஓரிடத்தில் படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. அதை நிரப்பித் தர ஆள் தேடியதிலேயே பொழுது போய்விட்டது. கூடப் பிறந்தவரின் முகத்தைக் கைபேசியில்தான் கடைசியாகப் பார்த்தேன். அதே நாட்களில் வன்னியில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஓடின. ஏற்றுமதிக்கு வழி விட்டவர்கள் செத்தவீட்டுக்கும் ஒரு வழி விட்டிருக்கலாம்.

கட்டுரை எழுதியவர் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இரவோடு இரவாகக் கிளாலிக் கடலைப் படகில் கடந்திருக்கிறாரா? 90களில் வெளியே போகப் புலிகளின் பாஸ் வேண்டும், அதற்குப் பிணை நிற்க ஆளும் வேண்டும். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டதும் இராணுவத்தின் அனுமதி, அது கிடைத்தால் கப்பலுக்குக் காத்திருப்பு. கொழும்பில் கண் காட்டுவதற்காக அம்மா அப்படித்தான் பதிந்துவிட்டு இருந்தா. முறை வந்தபோது ஒரு கண்ணில் பார்வை இல்லை. இவ்வளவும் பட்டவர்களுக்கு மறுபடியும் கடதாசியோடு வாசல் வாசலாக நிற்பது எப்படிச் சுமை இல்லாமல் போகும்? உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதை பூட்டியபோது அச்சிடத் தாள் வராமல் இங்கே பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்த காலத்தை நீங்களும் பார்த்தவர்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இனியொரு தொற்று வந்து பாதைகளை மூட நேர்ந்தால், சாவுக்கும் அவசர வைத்தியத்துக்கும் கிராம அலுவலரே அன்றைக்கே அனுமதி கொடுக்க இடமிருக்க வேண்டும். படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். இதை உரியவர்களிடம் உங்கள் பத்திரிகை கேட்டு எழுத வேண்டும். எங்கே, யாரிடம் விண்ணப்பிப்பது என்ற விபரத்தையும் தடை அறிவித்த அன்றே முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உரும்பிராய்.