தோட்டத்து வீட்டிலிருந்து அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுதுவிடுகிறாய், நான் குரலை உயர்த்திவிடுகிறேன், உங்கம்மா நடுவில் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

"தோட்டத்தை விட்டுட்டு கோயமுத்தூர் பிளாட்டுக்குப் போயிருங்கப்பா" என்கிறாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2024 நவம்பரில் பல்லடத்துப் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர் கொலை. அரை வருசம் போவதற்குள், சிவகிரிப் பக்கம் வயசான புருசன் பெண்டாட்டி. இரண்டுமே நம்முடையதைப் போலத் தோட்டத்து வீடுதான். சிவகிரி விஷயத்தில் என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. நடந்து சில நாள் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது. நம்ம காங்கேயத்துக்கும் சிவகிரிக்கும் எத்தனை தூரம் சொல்லு.

அதனால் நான் முதலில் போய் நின்ற இடம் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, பால் சொசைட்டி. தினமும் காலை ஆறரைக்குள் நம்ம கேன் அங்கே போய்விடும். போகவில்லையென்றால் ஏழு மணிக்குள் பால் அளக்கிறவர் எனக்குப் போன் போடுவார். நான் எடுக்கவில்லையென்றால் மேக்காலத் தோட்டத்துக்குப் போடுவார். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். போன வாரம் மாடு எட்டி உதைத்துப் பால் கொட்டிப்போய் நான் போகவில்லை. ஏழு அடிக்கப் பத்து நிமிசம் இருக்கும்போதே போன் வந்துவிட்டது. நீ அனுப்பின பணத்தில் வாங்கின எந்தச் சாமானை விடவும் எனக்கு இது நிம்மதி.

கேமராவைக் குறை சொல்லவில்லை. நாலும் ஓடுகிறது. ஆனால் மாட்டினவர் ரெக்கார்டு ஆகிற பெட்டியை ஆசாரத்தில் டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். வருகிறவன் கிளம்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு போனால் நாம் என்னத்தைப் பார்ப்பது? இப்போது அது அட்டாலியில், பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இருக்கிறது. பியூஸைப் பிடுங்கினாலும் ஓடட்டும் என்று கேமராவையும் வைஃபையையும் இன்வெர்ட்டரில் போட்டாயிற்று. கட்டுத்தரை கேமராவில் மட்டும் சிலந்தி வலை பின்னிவிடுகிறது. ராத்திரியில் அந்த நூல் ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று வெள்ளைக் கயிறு மாதிரி தெரியும், உன் போன் அலறும். வாரம் ஒருமுறை விளக்குமாற்றைக் கம்பில் கட்டித் துடைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு "ஏணி மேல ஏறாதீங்க" என்று கத்தாதே.

அடுத்தது உனக்குத் தெரியாத ஒரு சங்கதி. உங்கம்மா சொல்லியிருக்க மாட்டாள். மார்கழியில் ஒருநாள் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், நாய் குரைத்தது. தலைமாட்டில் இருந்த அருவாளை எடுத்துக்கொண்டு டார்ச் போடாமல் வெளியே போனேன். கட்டுத்தரை ஓரமாகத் தலையில் துண்டு போர்த்திக்கொண்டு ஒருத்தன் குனிந்து நடக்கிறான். கையை ஓங்கிவிட்டேன். "மாமா, நான்தான், கரண்டு வந்துருச்சு" என்று குரல். த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் பங்குக் கிணற்று மோட்டாரை எடுத்துவிட வந்த மேக்காலத் தோட்டத்துப் பையன். அன்றைக்கு அவர்கள் முறை. நாய் ரெண்டு குரைப்போடு நிறுத்திக்கொண்டு வாலாட்டியிருக்கிறது. அதற்குத் தெரிந்த ஆள் எனக்குத் தெரியவில்லை. உங்கம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. அருவாள் இப்போது மோட்டார் ரூமில் தேங்காய் மட்டையோடு கிடக்கிறது.

துப்பாக்கி லைசென்ஸ் பற்றி மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம். தேர்தல் வந்தால் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், மீதி நாளெல்லாம் அதையே ஒருத்தன் திருட வருவான் என்று காவல் காக்க வேண்டும். சட்டம் நமக்குத் தற்காப்பு உரிமை கொடுத்துத்தான் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்திலும் 34இலிருந்து 44 வரைக்கும் பிரிவுகளாக இருக்கிறது என்று நம்ம வக்கீல் எடுத்துக் காட்டினார். பொழுது சாய்ந்த பிறகு வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமாகாது என்கிற அளவுக்கு அது போகிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது. ஓடுகிறவனைத் துரத்திப்போய் வெட்டினால் அது தற்காப்பு இல்லை. எழுபது வயசில், தூக்கக் கலக்கத்தில், மோட்டார் போட வந்த பையனையே அடையாளம் தெரியாதவன் அந்த அளவை எப்படிப் பார்ப்பேன்?

ஆகவே எங்கள் திட்டம் சண்டை போடுவதில்லை. படுக்கிற ரூமுக்குத் தேக்குக் கதவு, உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள், குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. உள்ளே ரெண்டு போனும் சார்ஜர், டார்ச், சொம்புத் தண்ணி, என் பிரஷர் மாத்திரை. சத்தம் கேட்டால் பட்டையைப் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கிற பஸ்ஸரை அழுத்த வேண்டும், அப்புறம் 112, அப்புறம் பக்கத்துத் தோட்டம். காவல் உதவி ஆப்பும் போனில் இருக்கிறது. அதன் சிவப்புப் பொத்தானைக் கண்ணாடி போடாமலே அழுத்த உங்கம்மா பழகிவிட்டாள். வெளியே இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போகட்டும். பவுன் பேங்க் லாக்கரில் இருக்கிறது. தாலிக்கொடிக்குத்தான் உங்கம்மா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு அவளே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, "கழுத்துல நகை இல்லாட்டித்தான் அம்மாவுக்குப் பத்திரம்னு புள்ளைக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

குழந்தை அழுகிற சத்தம் போட்டுக் கதவைத் திறக்கவைப்பார்கள் என்று நீ அனுப்பின வாட்ஸ்அப் செய்தி எனக்கு ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது, நம்பவில்லை. ஆனால் ராத்திரி யார் கூப்பிட்டாலும், தெரிந்த குரலானாலும், முதலில் போன், பிறகுதான் கதவு. லீவுக்கு வரும்போது பேரன் பேத்திக்கும் இதையே சொல்லிக் கூட்டி வா.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்களுக்கு நடுராத்திரி ரெண்டு மணி என்றால் டல்லஸில் உனக்கு மத்தியானம் மூன்றரை. நாங்கள் தூங்குகிற நேரத்தில் முழித்திருக்கிற ஆள் இந்தக் குடும்பத்தில் நீதான். ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கு அடிக்காதே, எனக்குக் காது மந்தம். அங்கிருந்து 112 அடித்தால் அது இங்கே வராது. மேக்காலத் தோட்டம், கிழக்காலத் தோட்டம், சொசைட்டிக்காரர், ஸ்டேஷன் லேண்ட்லைன் நாலையும் தனியாக அனுப்புகிறேன். முன்னால் +91, லேண்ட்லைனுக்கு ஊர்க் கோடு பூஜ்யம் இல்லாமல்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி விடிந்தால் ஞாயிறு, ரெண்டு மணிக்கு பஸ்ஸர் அடித்துப் பார்க்கப் போகிறோம். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டேன், ஸ்டேஷனிலும் சொல்லியாயிற்று. உனக்கு அது சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் இருக்காது. கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டத்து லைட் முதலில் எரிகிறது, எத்தனை நிமிசம் ஆகிறது என்று எழுதி வை. உங்கம்மா வந்தவர்களுக்கு டீ போடுவதாக இருக்கிறாள்.

அப்பா