பூச்சிப் பயிற்சிக்கு மே மாதம் உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பொது சுகாதாரப் பூச்சியியல் இன்டர்ன்ஷிப் என்று விலங்கியல் மாணவர்களைக் கோடை விடுமுறையில் 15 நாளுக்கு நீலகிரிக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கல்லூரிக்கு அது வசதி. பூச்சிக்கு விடுமுறைக் கால அட்டவணை தெரியாதே.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை பொரிந்து பறக்க 28 டிகிரி வெப்பத்தில் எட்டு முதல் பத்து நாள் ஆகும். 20 டிகிரியில் ஏறக்குறைய இருமடங்கு. 15 டிகிரிக்கு இறங்கினால் ஒரு மாதமும் தாண்டிவிடும். ஊட்டியில் தங்கும் மாணவர் 15 நாளில் ஒரு தலைமுறையைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது. சான்றிதழ் மட்டும் கிடைக்கும். குறைந்தது எட்டு வாரம் வேண்டும். தொடர்ந்து முடியாவிட்டால் அக்டோபரிலிருந்து சனி, ஞாயிறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் என்று சொல்லக் காரணம் உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில்தான் கூடுகிறது. அதைப் பரப்புவது நாய் உண்ணி அல்ல; சிகர் எனப்படும், கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஆறுகால் சிலந்திப்பேன் குஞ்சு. எலியின் காதுமடலுக்குள் ஆரஞ்சு நிறப் பொடிபோல ஒட்டியிருக்கும். ஓர் எலிக்குச் சராசரி 0.69 சிகருக்கு மேல் போனால் ஆபத்து என்பது பழைய கணக்கு. எலிப்பொறி வைக்க விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், காட்டோரம் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தை ஜூன் மாதமே கொடுக்காவிட்டால் அக்டோபரில் பொறி பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

உண்ணி மட்டும் விதிவிலக்கு; அதன் இளம்பருவங்கள் மே வரை கிடைக்கும். 1957இல் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட, உண்ணியால் பரவும் குரங்குக் காய்ச்சல் 2012இல் பந்திப்பூருக்கு வந்து, நீலகிரி, வயநாடு வரை எட்டியது. ஆகவே கூடலூர், முதுமலைப் பக்கம் உண்ணிக் கணக்கெடுப்பு அவசியம். ஒரு மீட்டர் நீள, அகல வெள்ளை ஃபிளானல் துணியைப் புல்மேல் இழுத்து, பத்து மீட்டருக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, இடுக்கியால் எடுத்து 70 சதவீத எத்தனாலில் போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பனியில் நனைந்த துணியில் உண்ணி ஏறாது. வெயில் வந்து புல் உலர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். 'உண்ணியே இல்லை' என்று எழுதப்படும் அறிக்கைகளில் சில ஈரத்துணியின் அறிக்கைகளே.

கொசுவுக்கு வருவோம். தண்ணீர்ப் பற்றாக்குறையால் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளின் வாசலில் டிரம் வரிசையாக நிற்கும். டிரம்முக்குள் எட்டிப் பார்த்ததும் நிழல் பட்டுப் புழு அடிக்கு இறங்கிவிடும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து இரண்டு நிமிடம் காத்திருந்தால் மேலே வரும். சிவப்புப் புழுவைக் கண்டு பதறவேண்டாம், அது கடிக்காத ஈயின் புழு. 100 வீட்டில் எத்தனை பாத்திரத்தில் ஏடிஸ் புழு என்பதுதான் பிரெட்டோ குறியீடு. வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டிபிசி பணியாளர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். மாணவர்கள் முதல் வாரம் முழுவதும் அவர்கள் பின்னால் நடந்தாலே போதும், வகுப்பறை தராத பாடம் அது.

பிடித்த புழுவை அங்கேயே கொட்டிவிடாமல் வளர்க்க வேண்டும். தட்டில் தண்ணீர், சிட்டிகை மீன் தீவனத்தூள். அதிகம் போட்டால் மேலே ஏடு படர்ந்து புழு மூச்சு முட்டிச் சாகும். கூட்டுப்புழுவை வலைக்கூண்டுக்கு மாற்றி, கொசு வெளிவந்த பின் ஒரு நாள் விட வேண்டும். உடனே கொன்றால் உடல் சுருங்கிவிடும். முதுகில் யாழ்போல வெள்ளைக் கோடுகள் இருந்தால் ஏடிஸ் எஜிப்டி, நடுவே ஒரே வெள்ளிக்கோடு என்றால் அல்போபிக்டஸ். செதில் உதிர்ந்தால் இந்த அடையாளமே போய்விடும், விரலால் தொடாதீர்கள். ஊசியில் குத்திய மாதிரிகள் மலைப் பனியில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நீல மணி இளஞ்சிவப்பானதும் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும். சந்தேகமான மாதிரியைப் புதுச்சேரியின் வெக்டார் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். பொது சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் பட்டமே அங்கு உண்டு.

சமவெளிக் கல்லூரிக்கு இல்லாத ஒரு வாய்ப்பும் இங்கே இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. மூன்றையும் ஒரே நாளில் பேருந்தில் தொட்டுவிடலாம். மூன்று இடத்திலும் ஒரே மாதிரிக் கறுப்புக் குவளையில் தண்ணீரும் சொரசொரப்பான தாள்துண்டும் வைத்து, வாரம் தவறாமல் முட்டையை எண்ணினால், ஏடிஸ் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று தெரியும். வாரம் தவறினால், குறிப்பாக மேட்டுப்பாளையத்தில், நாம் வைத்த குவளையே கொசுப்பண்ணை ஆகிவிடும்.

கல்லூரிகளும் சுகாதாரத் துறையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியவை சில. பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் மாணவர் தலையில் விழக்கூடாது. மாணவரின் காலைக் கொசுவுக்குக் காட்டிப் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். கம்பூட்ஸ், காலுறைக்குள் சொருகிய பேன்ட், பூச்சி விரட்டும் டீட் களிம்பு கட்டாயம். மாலை நான்கு மணிக்குள் தோட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், காட்டுமாடும் யானையும் நேரம் பார்த்து வருவதில்லை. களப்பணி முடிந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே நடந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டு, அக்குள், இடுப்பு மடிப்பில் கறுத்த பொருக்குப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் என்றால் டாக்சிசைக்ளின் விலை குறைந்த மருந்துதான். தாமதம்தான் ஆளைக் கொல்கிறது.

அடுத்த அக்டோபருக்கான கடிதத்தைக் கல்லூரி முதல்வர்கள் இந்த ஜூனிலேயே மாவட்டச் சுகாதார அலுவலருக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
பூச்சியியல் ஆசிரியர்கள் சிலர்,
குன்னூர்.