ஹார்டு டிஸ்க்கைப் பழி சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதியில் கடந்த வாரம் ஒரு கல்லூரி மாணவி, 'லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நோ பூட்டபிள் டிவைஸ் என்று வருகிறது, என்ன செய்வது?' என்று கேட்டிருந்தார். 'ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது. புதிதாக எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. (எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்.) நான் கோவில்பட்டியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட பதிலால் எங்களைப் போன்றவர்களுக்கு வியாபாரம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

விண்டோஸ் இருக்கும் இடம் லேப்டாப்புக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான் அந்த வரி சொல்லும் சேதி. டிஸ்க் செத்துப்போனாலும் இதேதான் வரும். டிஸ்க் நன்றாக இருந்து, அதைத் தேடும் முறை மாறிப்போயிருந்தாலும் இதேதான் வரும். பக்கவாட்டில் செருகிய பென்டிரைவை எடுக்க மறந்திருந்தால்கூடச் சில மாடல்களில் இந்தக் கூத்து நடக்கும். அதனால் பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒரு தடவை ஆன் செய்து பார்ப்பது முதல் வேலை. செலவில்லாத வேலையும்கூட.

அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்; அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஆன் பட்டனை அழுத்திய கையோடு டெல், ஏசர், ஆசுஸ் என்றால் எஃப்2 விசையையும், ஹெச்பி என்றால் எஃப்10 விசையையும் விடாமல் தட்ட வேண்டும். லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. திறக்கும் பக்கத்தில் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், தன் பெயரைச் சொல்லும் அளவுக்காவது டிஸ்க் உயிரோடு இருக்கிறது. கோளாறு அமைப்பிலோ விண்டோஸின் தொடக்கக் கோப்புகளிலோ இருக்கலாம். தெரியாவிட்டால், பின்மூடியைக் கழற்றி இணைப்பைப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்புகளில் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைப்பது ஒரு மெல்லிய பட்டைக் கேபிள். அது மடிந்து நைந்திருக்கும், அல்லது முனை லேசாக நழுவியிருக்கும். புது லேப்டாப்பில் பெரும்பாலும் எம்.2 எஸ்எஸ்டி என்ற மெல்லிய சிறு பட்டை, ஒரே ஒரு திருகில் நிற்கிறது. அந்தத் திருகு தளர்ந்தால் மறுமுனை தொடர்பை விட்டுவிடும். கழற்றி, துடைத்து, மறுபடி பொருத்தினாலே வேலை முடிந்துவிடுவதை இந்த மேசையில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

பலரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம், போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி. கைக்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி வட்டமான 3 வோல்ட் பேட்டரிதான். ஆனால் பிளாஸ்டிக் உறை சுற்றி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்களோடு ஒரு சின்ன சாக்கெட்டில் மாட்டியிருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போது நேரத்தை ஓட்டுவது அதுதான். பழைய மாடல்களில் பயாஸ் அமைப்புகளும் அதன் தயவில்தான் நிற்கும். அது தீர்ந்ததும் தேதி பல வருடம் பின்னால் போகும். டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து வேறொன்றுக்கு மாறும், அல்லது விண்டோஸை எழுப்பும் முறையில் யுஇஎஃப்ஐ என்ற புதியது போய் லெகசி என்ற பழையது வந்து உட்காரும். விண்டோஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஆனால் எழும்பாது. ஆகவே 'நோ பூட்டபிள் டிவைஸ்' வருவதற்குச் சில நாள் முன்பு கடிகாரம் தவறாகக் காட்டியதா, (தேதி தவறினால்) வங்கித் தளங்கள் திறக்க மறுத்தனவா என்று விசாரிக்காமல் நான் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுப்பதில்லை. ஆமாம் என்றால், சொற்ப விலை பேட்டரியோடு பிரச்சினை முடிந்துவிட வாய்ப்பு அதிகம். மாற்றிய பிறகு பயாஸ் அமைப்பைப் பழையபடி வைக்க மறக்கக் கூடாது.

இன்னொன்று. இன்டெல் 11ஆம் தலைமுறை சிப் வந்ததிலிருந்து பல லேப்டாப்புகளின் பயாஸில், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது ஆனில் இருக்க, அதற்கான டிரைவர் மென்பொருள் இல்லாமல் பென்டிரைவில் இருந்து விண்டோஸ் ஏற்றப் போனால், டிஸ்க் பட்டியல் காலியாக நிற்கும். ஒரு பையன் இப்படித்தான் வந்தான். வேறு ஒரு கடையில் 'டிஸ்க் அவுட்' என்று புது எஸ்எஸ்டி விற்றிருக்கிறார்கள். அதுவும் பட்டியலில் வரவில்லை என்றதும் 'அப்ப மதர்போர்டு அவுட்' என்று கூறிவிட்டார்கள். பையன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இன்டெல்லின் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்ததும் புதுசு தெரிந்தது. பழையதை மாட்டினேன், அதுவும் தெரிந்தது! விஎம்டி-யை அணைத்தாலும் பட்டியலில் வரும்தான். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள டிஸ்க்கில் அப்படிச் செய்தால் நீலத் திரை வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், விஎம்டி-யை மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிஸ்க் உண்மையிலேயே போவதும் உண்டு. சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் வந்தால், படிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட வேண்டும். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்பதுதான் மிச்சமிருக்கும் கோப்புகளையும் கொல்லும். எஸ்எஸ்டி சத்தமே போடாமல் ஒரு நாள் காணாமல் போகும். எதுவானாலும், டிஸ்க் தெரிகிற நிலையில் இருந்தால் முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். ஃபார்மட் எல்லாம் பிறகு. 'ஃபார்மட் பண்ணிட்டு ரெக்கவரி பண்ணிக்கலாம்' என்பது ஹார்டு டிஸ்க் காலத்துப் பேச்சு. எஸ்எஸ்டி-யை விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போது பழைய தரவு இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டி-க்குச் சொல்லும் டிரிம் என்ற கட்டளையும் கூடவே போய்விடுவதால், பழைய தரவு பெரும்பாலும் திரும்பி வராது. கடைக்குக் கொடுக்கும்போதே 'என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள், மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கையில் கொடுங்கள்' என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கும் கடையாக இருந்தால், வேறு கடை பாருங்கள்.

தங்கள் பதில் எனக்கு உறுத்தியதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2024இல் வந்த 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11 லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடுகிறது, ஹோம் பதிப்பில்கூட. பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினாலோ 48 இலக்க மீட்பு எண் கேட்கும். எண் இல்லாவிட்டால் டிஸ்க் நூறு சதவீதம் ஆரோக்கியமாக இருந்தும் என்னால் ஒரு போட்டோவைக்கூட எடுத்துத் தர முடியாது. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சரி, எந்தக் கணக்கு? இங்கேதான் சிக்கல். லேப்டாப் விற்ற அன்று கடை ஊழியர் அவசரத்தில் ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கி உள்ளே நுழைத்துக் கொடுத்திருப்பார். வாங்கியவருக்கு பின் நம்பர் மட்டும்தான் தெரியும். புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் மாணவர்கள் வந்து நிற்கும்போது, 'எந்த மெயில் தம்பி?' என்று கேட்டால் அம்மாவைப் பார்க்கிறார்கள், அம்மா என்னைப் பார்க்கிறார்.

லேப்டாப் நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்தால் எந்த மின்னஞ்சல் என்று தெரிந்துவிடும். அது உங்களுடையதென்றால், கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், லேப்டாப்புக்குள்ளேயே சேமிக்காதீர்கள். யாருடையது என்றே தெரியாத மின்னஞ்சல் என்றால், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு, சொந்தக் கணக்குக்கு மாறிய பிறகு வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இதற்குள் புது எஸ்எஸ்டி வாங்கியிருந்தால், பழையதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி.