விலையைக் கிலோவுக்கு எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் இளம் குடும்பங்களுக்கான சிக்கன யோசனைகள் வந்திருந்தன. மாதச் சாமானை மொத்தமாக வாங்குங்கள், பெரிய பாக்கெட்டாக எடுங்கள், புளியும் மிளகாயும் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். தவறான யோசனை என்று சொல்லமாட்டேன். ஆனால் படித்து முடித்ததும் என் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஓரத்தில் அடுப்பு மேடை, அதன் கீழே தண்ணீர்க் குடங்கள். ஓராண்டுப் புளியை இதில் எங்கே வைப்பது? இடம் கிடைத்தாலும், அதை வாங்கும் பணம் எந்த மாதத்தில் மொத்தமாக என் கையில் இருக்கும்?

நாங்கள் கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். சம்பளம் 19,000 ரூபாய், ஏழாம் தேதி வாக்கில் கைக்கு வரும். வாடகை, கரண்ட் பில், அவர் வேலைக்குப் போய்வரும் செலவு, சீட்டுப் பணம் எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு நான் ஒதுக்குவது 6,500 ரூபாய். பால், காய், மீன், முட்டை, மளிகை அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. திருமணத்துக்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு பல்பொருள் அங்காடியில் பில் போட்டேன். பொருளை எப்படி அடுக்குகிறார்கள், எதைக் கண் மட்டத்தில் வைக்கிறார்கள், எதைக் குனிந்து தேடும்படி கீழ்த்தட்டில் தள்ளுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தவள்தான் இதை எழுதுகிறேன்.

ரேஷன் கடை இல்லாவிட்டால் எங்கள் கணக்கு நிற்காது. விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கிலோ 25 ரூபாய்க்குச் சர்க்கரை. ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லிக்கு ஊறவைக்கிறேன்: நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். வாரத்தில் ஐந்து நாள் காலை உணவு அதிலேயே முடிந்துவிடும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் மகனுக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன். மகள் மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிடுகிறாள். இவற்றை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த ஒரு கிலோ பருப்பு மாதத்தில் பாதி நாள் எங்கள் குழம்புச் சட்டியைக் காப்பாற்றுகிறது. மீதிப் பாதிக்குத்தான் வெளிக்கடைக்குப் போகிறேன். சிக்கல் அங்கே இருக்கிறது.

சென்ற மாதம் சம்பளம் வந்த மறுநாள், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கடையின் எண்ணெய் அலமாரி முன்னால் நின்றேன். ஒரே உயரத்தில், ஒரே மஞ்சள் நிறத்தில் இரண்டு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகள். ஒன்று 148 ரூபாய், மற்றொன்று 130. பதினெட்டு ரூபாய் மிச்சம் என்று 130 ரூபாய் பாக்கெட்டை எடுத்தேன். வீட்டுக்கு வந்து எண்ணெய்த் தூக்கில் ஊற்றினால், எப்போதும் கழுத்துவரை ஏறும் எண்ணெய் இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. சிந்திவிட்டேனோ என்று தரையைத் துடைத்துப் பார்த்தேன். பிறகுதான் பாக்கெட்டை விரித்து, கைபேசி விளக்கை அடித்து, மடிப்புக்குள் இருந்த எழுத்தைப் படித்தேன். 850 மில்லி. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 153 ரூபாய். மலிவென்று எடுத்ததுதான் லிட்டருக்கு ஐந்து ரூபாய் கூடுதல்.

ஐந்து ரூபாய்தானே என்று கேட்கலாம். என் மாதச் சாமான் பட்டியலில் பாக்கெட்டாக வாங்கும் பொருள்கள் பதினேழு. ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபாய் போனால் 85 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஒரு வாரத்து முட்டை.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் கீழ் பொட்டலப் பொருட்களுக்கான விதிகள் 2011-இல் வந்தன. பிஸ்கட், டீத்தூள், அரிசி, சமையல் எண்ணெய் முதலிய 19 வகைப் பொருள்களை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று அந்த விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 100 கிராம், 200 கிராம், அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எல்லாம் ஒரே கணக்கில் இருந்ததால், விலையை மட்டும் பார்த்தால் போதும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, ஓர் அலகுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். நல்ல விதிதான். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு என்றும், ஒரு லிட்டருக்குக் குறைந்தால் மில்லிக்கு எவ்வளவு என்றும் போட வேண்டும் என்கிறது அது.

இந்த இடத்தை ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். தனியாத்தூள் 50 கிராம் பாக்கெட் 20 ரூபாய். கிராமுக்கு 40 காசு. அதே தூள் 200 கிராம் பாக்கெட் 68 ரூபாய். கிராமுக்கு 34 காசு. நாற்பது காசுக்கும் முப்பத்துநான்கு காசுக்கும் உள்ள வித்தியாசம் யார் மனத்தில் உறைக்கும்? கிலோ 400 ரூபாய், கிலோ 340 ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள், உடனே உறைக்கும். கூட்டல் கழித்தல் தெரியாத மூதாட்டிகூட எதை எடுப்பது என்று சொல்லிவிடுவார். எண்ணெயில் இது இன்னும் மோசம். 850 மில்லி பாக்கெட்டில் மில்லிக்கு 15 காசு என்று முழுதாக்கி அச்சிட்டிருந்தார்கள். பதினைந்து காசை ஆயிரத்தால் பெருக்கினால் 150 ரூபாய்தான் வருகிறது. லிட்டருக்கு மூன்று ரூபாய் அந்த முழுதாக்கலிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

எந்த மொழியில் அச்சிடுவது என்பதிலும் குறை இருக்கிறது. கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும், வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது விதி. சேர்க்க விரும்பாதவர்கள் சேர்ப்பதில்லை. எங்கள் தெருவில் தமிழ்ப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் வெறும் கறுப்புக் கோடு.

எங்கள் அண்ணாச்சி கடையில் இந்தத் தொல்லை கிடையாது. பாசிப்பருப்பு கால் கிலோ என்றால் தராசில் நிறுத்துக் கண்முன்னால் பொட்டலம் கட்டுவார். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்தாம் தேதிக்குமேல் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கிறவர் அவர்தான். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவும் மத்தியையும் நெத்திலியையும் கூறு கட்டித்தான் வைக்கிறார். நூறு ரூபாய்க் கூறு எவ்வளவு என்று கண்ணால் பார்க்கிறேன். கொஞ்சம் பேசினால் மேலே நான்கு மீன் போடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விலை ஏறும் என்பதும் முன்கூட்டியே தெரியும். அந்த 61 நாளும் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சமாளிக்கிறோம். ஏன் ஏறியது, எப்போது இறங்கும் என்று தெரிந்த விலையேற்றத்துக்கு ஏழைக் குடும்பம் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டு வரும் ஏற்றத்துக்கு எப்படிப் பழகுவது?

அரிசி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி இட்லிக்குப் போய்விடுவதால் சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குகிறேன். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவும் அதற்குக் குறைவான எடையும் உள்ள, பெயரிட்டு அடைத்த அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி விதித்தார்கள். அதற்குப் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வரத் தொடங்கின. 26 கிலோவை ஒரே தடவையில் வாங்க வசதியுள்ள குடும்பத்துக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பாக்கெட் மட்டுமே வாங்க முடிந்த குடும்பம் வரி கட்டுகிறது. இதைவிடத் தலைகீழான நியாயம் இருக்க முடியாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. எதிர்வீட்டு அக்கா, மாடிவீட்டு அம்மா, நான், மூவரும் சேர்ந்து ஒரு மூட்டை வாங்குகிறோம். கடைசியாக வாங்கியது 1,430 ரூபாய். கிலோ 55 ரூபாய். ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்கினால் கிலோ 65. மாடிப்படிக்குக் கீழே பாயை விரித்து மூட்டையைப் பிரிப்போம். முதலில் மாடிவீட்டு அம்மாவின் பழைய பித்தளைப் படியால் ஆளுக்கு ஒரு படியாக மாற்றி மாற்றி அளப்போம். படி போடும் அளவுக்கு அரிசி இல்லாதபோது ஆழாக்கு இறங்கும். கடைசியில் பாயில் சிதறியதைக் கையால் கூட்டி மூன்று சிறு குவியலாக்குவோம். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படிக்கும் 'லாபம், ரெண்டு, மூணு' என்று எண்ணுவாள். எண்ணிக்கையை ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்க அந்த அம்மாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். புளியும் இப்படித்தான். மாசி பங்குனியில் புதுப்புளி வரும்போது மூவரும் சேர்ந்து வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பங்கிடுகிறோம். தங்கள் கட்டுரையில் சொன்ன மொத்தக் கொள்முதல், ஒரு குடும்பமாக முடியாவிட்டாலும் மூன்று குடும்பமாக முடிகிறது. தனியாவும் அப்படியே: முழு மல்லியைக் கிலோ 150 ரூபாய்க்கு வாங்கி வறுத்து மில்லில் அரைத்தால், கூலியைச் சேர்த்தாலும் 200 ரூபாயைத் தாண்டுவதில்லை.

ஆனால் பெரிய பாக்கெட் என்றால் எப்போதும் லாபம் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு ரூபாய் ஷாம்பூ சாஷேயைப் பெரிய பாட்டிலுடன் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல தடவை சாஷேதான் மலிவு. கணக்குப் போடாமல் எதுவும் தெரியாது. அந்தக் கணக்கைக் கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாய், பின்னால் பத்துப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, மனத்தில் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடையின் அலமாரிப் பட்டையில், விலைக்குப் பக்கத்தில், கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று தமிழில், தள்ளி நின்றாலும் தெரியும் எழுத்தில் போட வேண்டும். பாக்கெட் சிறியதோ பெரியதோ எல்லாவற்றுக்கும் கிலோ விலையே இருக்க வேண்டும். பில் போடும் கணினியில் எடையும் விலையும் ஏற்கெனவே இருக்கின்றன. வகுத்து அச்சிட அதற்கு ஒரு நொடி போதும். நானே அந்தப் பட்டைகளை அச்சடித்துச் சொருகியவள், அதனால் சொல்கிறேன். கூட்டுறவுக் கடைகள் இதை முதலில் தொடங்கட்டும். 1904-இலேயே திருவல்லிக்கேணியில் நுகர்வோருக்கென்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஊர் இது. எடையளவைப் பார்க்கும் தொழிலாளர் துறை அதிகாரிகள் தராசில் முத்திரை இருக்கிறதா என்று சோதிப்பதோடு, இந்தப் பட்டை இருக்கிறதா என்றும் பார்க்கும்படி அரசு ஆணையிட வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கோயம்பேடு மொத்த விலையைத் தாங்கள் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்தில் நான் மாதம் இரண்டு தடவை கோயம்பேடு போய்வருவதால் அந்தப் பட்டியல் எனக்குப் பயன்படுகிறது. அதன் பக்கத்திலேயே, பருப்பு, எண்ணெய், தனியாத்தூள், டீத்தூள், சோப்பு ஆகிய ஐந்துக்கு மட்டும், சிறிய பாக்கெட்டில் வாங்கினால் கிலோவுக்கு எவ்வளவு, பெரியதில் எவ்வளவு, சில்லறையாக நிறுத்து வாங்கினால் எவ்வளவு என்று வெளியிடுங்கள். மாதம் ஒரு நாள் போதும். ஏழாம் தேதிக்கு முந்தின நாளாக இருந்தால் எங்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை