அண்ணனும் அண்ணியும் இங்கே வருவது பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு மாலத்தீவில் நான் நலம். நீங்களும் அண்ணனும் சின்னவளும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதிய கடிதம், தலைநகர் மாலேயிலிருந்து சாமான் ஏற்றி வந்த படகில் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறுதான். தொலைபேசியில் பேசினால் நீங்கள் அழுதுவிடுகிறீர்கள்; எழுதலாம் என்று உட்கார்ந்தாலோ எனக்குத் தாள் நிரம்புவதில்லை.

கல்யாணம் முடிந்து மாசி மாதத்தில் அண்ணனும் அண்ணியும் ஒரு வாரம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வரச் சொல்லுங்கள். அப்போது வடகிழக்குக் காற்றுக் காலம். கடல் தாம்பாளத் தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். மாந்தா திருக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டால் மட்டும் ஜூனிலிருந்து நவம்பருக்குள் வர வேண்டியிருக்கும். அந்த மாதங்களில்தான் கடலோட்டம் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை ஹனிஃபாரு என்ற சிறு குடாவுக்குள் கொண்டுவந்து அடைத்துவைக்கிறது. அவற்றைத் தின்ன மாந்தாக்கள் கூட்டமாக வருகின்றன. அங்கே காற்றுத் தொட்டியோடு இறங்க அனுமதி இல்லை, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டுமே. பத்தடி அகலமுள்ள ஒன்று வாயைத் திறந்தபடி எனக்குக் கீழே திரும்பியபோது, கொடியில் காயும் உங்கள் சேலை காற்றில் உப்பி எழுவது போலவே இருந்தது. 2011இல் யுனெஸ்கோ எங்கள் பா அட்டோல் என்ற வளையத் தீவுக்கூட்டம் முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. அட்டோல் என்று உலகமெல்லாம் சொல்லும் சொல்லே இவர்களுடைய திவேகி மொழியிலிருந்து போனதுதான். படகை இவர்கள் 'தோனி' என்கிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது.

தனித் தீவு விடுதிகள் நமக்குக் கட்டுப்படியாகாது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று 2009இல் அரசாங்கம் அனுமதித்ததால், நான் இருக்கும் இந்தத் தீவிலேயே சுத்தமான அறை கிடைக்கும். மது கிடையாது, கடற்கரையில் அடக்கமாக உடுத்த வேண்டும். அண்ணிக்கு இவை சங்கடமாக இருக்காது. அறை வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

நான் ஆழத்தில் இறங்குவதை நினைத்து நீங்கள் விளக்கேற்றி வேண்டிக்கொள்வதாகச் சின்னவள் எழுதியிருந்தாள். முதுகில் கட்டும் தொட்டியில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதை 200 பார் அழுத்தத்துக்கு அடைப்பது என் வேலை. ரப்பர் ஆலையில் அப்பா பழக்கிவிட்ட காது என்பதால் கம்ப்ரசரின் சத்தம் சற்று மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு தொட்டியின் கழுத்திலும் இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, மணலோ வெடிப்போ தட்டுப்பட்டால் மாற்றிவிட்டுத்தான் படகில் ஏற்றுவேன். 30 மீட்டருக்குக் கீழே போக இந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும் என்பதற்காக, ஏறும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கிறோம்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் சூரை மீனோடு தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்த மாஸ் ஹுனியும் ரொட்டியும் தருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் உங்கள் நெத்திலிச் சம்பலுக்குப் பாதி தூரம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கயிற்று வலை நாற்காலியில் மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பார். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் இப்போது முழங்கால் நீருக்குக்கூட இறங்குவதில்லை. 1998இல் கடல் சூடேறியபோது, பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் பாசி வெளியேறிப்போய், அவருடைய வீட்டெதிரே இருந்த திட்டு முழுவதும் எலும்பாக வெளுத்ததாம். மீண்டு வந்ததைக் கண்டு மகிழ்ந்தவருக்கு 2016இல் மறுபடியும் அதே காட்சி. அதன்பிறகு அவர் பார்க்கப் போகவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது, "நிறம் வந்ததா?" என்று மட்டும் கேட்பார். கட்டைவிரல் அளவு ஊதா நுனிகளை எங்கெங்கே கண்டேன் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எனக்கும் அந்தக் கேள்விக்காகவே சீக்கிரம் கரையேறத் தோன்றுகிறது.

இந்த மாதப் பணம் இரண்டு வாரம் தாமதமாக வரும். சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் பக்கத்துத் தீவுக்குப் படகு இயந்திரம் பழுது பார்க்கப் போவதால் பொழுதும் நன்றாகப் போகிறது.

அம்மா, இங்கே மலையே இல்லை. பெரும்பாலான நிலம் கடலுக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. தீபாவளியன்று காலையில் எழுந்து, பழக்கத்தில் மலையைத் தேடிக் கிழக்கே பார்த்துவிட்டேன். எல்லாப் பக்கமும் தண்ணீர்தான். அன்று எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிவிட ஆளில்லையே என்று தொண்டை அடைத்துக்கொண்டது. நம் மலேசியாவின் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து உண்டானவைதான் என்று நீச்சல் பயிற்சியாளர் சொன்னார். அதன்பின் நீருக்குள் ஒரு திட்டின் செங்குத்துச் சுவரைக் கண்டாலே நம் ஊருக்குப் போகும் சாலை நினைவுக்கு வருகிறது. மலாய் மொழியில் சிப்புட் என்றால் நத்தைதானே, சுங்கை சிப்புட் என்ற நம் ஊர்ப் பெயரை இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் விளக்குகிறேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தில் அண்ணன் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, அப்பாவின் வேலைப் பத்திரங்களோடு மாமாவை அழைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் காட்டட்டும். புது வீட்டின் முன்பணத்துக்குச் சேர்த்ததைப் பயணச்சீட்டுக்கு எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டிவந்தால் அடுத்த ஆண்டு ஜூனில் வரட்டும், அண்ணி மாந்தாவையும் பார்த்துவிடலாம். எப்போது வந்தாலும், கடைசியாகக் காற்றுத் தொட்டியோடு நீருக்குள் மூழ்கியதிலிருந்து குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். சீட்டு எடுக்கும்போதே கடைசி நாளைக் கரையில் இருக்கும்படி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். கல்யாணத் தேதி உறுதியானதும் சின்னவளை எழுதச் சொல்லுங்கள், விடுப்புக் கேட்க வேண்டும்.

அன்பு மகன்